மேகமும் பாத எரிவும்: நீரிழிவு நரம்புச் சேதத்திற்கான மூலிகை மருத்துவம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரே நோய்க்குத் தமிழர் வாழும் நாடுகளில் வெவ்வேறு பெயர்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் அது சர்க்கரை நோய். இலங்கையில் நீரிழிவு, மூத்தோர் வழக்கில் சலரோகம். மலேசியத் தமிழரிடையே இனிப்புநீர். இப்பெயர்கள் யாவும் சிறுநீரையோ அதன் இனிமையையோ சுட்டி எழுந்தவை. ஆயினும் பல்லாண்டுகள் இந்நோயோடு வாழ்வோருள் பாதியளவினர் வரை அனுபவிக்கும் துன்பம் பாதத்தில் தொடங்குவது. இரவில் எரிவு, பகலில் மதமதப்பு, பின்னர் உணர்விழப்பு, இறுதியில் ஆறாப் புண் என அது வளர்கிறது. நோயின் பெயர்களுள் எதுவும் பாதத்தைச் சுட்டவில்லை.

புலம்பெயர் நாடுகளின் தமிழ்க் கடைகளில் இன்று ஆவாரம்பூப் பொடி, நாவற்கொட்டைச் சூரணம், சிறுகுறிஞ்சான் இலை ஆகியன 'நீரிழிவால் வந்த நரம்புத் தளர்ச்சிக்குச் சித்தர் அருளிய மருந்து' என்னும் உரிமைகோரலோடு விற்கப்படுகின்றன. இவ்வுரிமைகோரலுக்கு நூல்வழி ஆதாரம் உண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. மூலிகைகளைப் பழிப்பதோ போற்றுவதோ இதன் நோக்கமன்று. எந்தச் செடி எந்தக் காலத்தில் எந்தத் துன்பத்திற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைப் பிரித்தறிவதே நோக்கமாகும். அவ்வாறு பிரித்தறிவது உயிர் காக்கும் பணியும் ஆகலாம் என்பதைக் கட்டுரையின் பிற்பகுதி காட்டும்.

முதற் கண்டறிதல்

பாதத்தில் தோன்றும் எரிவையும் மரத்துப்போதலையும் இந்நோயோடு தொடர்புபடுத்திய மிகப் பழைய சான்றுகள் இந்திய மருத்துவ நூல்களில் உள்ளன. சரக சங்கிதையின் நிதானப் பகுதி, பிரமேக நோய் முழுமையாக வெளிப்படுமுன் தோன்றும் முற்குறிகளைப் பட்டியலிடும்போது கைகால்களின் மரப்பையும் எரிவையும் அவற்றுள் சேர்க்கிறது. சிறுநீரை எறும்பு மொய்ப்பதும் அதே பட்டியலில் இடம்பெறுகிறது. பிரமேகத்தைக் கபத்தால் பத்து, பித்தத்தால் ஆறு, வாதத்தால் நான்கு என இருபதாகப் பகுத்து, மதுமேகத்தை வாதவகை நான்கனுள் ஒன்றாக வைப்பது ஆயுர்வேத மரபு. சித்த மருத்துவமும் மேகத்தை இருபதாகப் பகுக்கும் இம்மரபை ஏற்று, தன் முறைக்கேற்ப விரித்துரைக்கிறது.

ஐரோப்பாவில் இத்தொடர்பு மிகப் பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. தாமஸ் வில்லிஸ் 1674-இல் சிறுநீரின் இனிமையைப் பதிவு செய்தார். மாத்யூ டாப்சன் 1776-இல் அவ்வினிமைக்குக் காரணம் சர்க்கரையே என நிறுவினார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் ரோலோ தம் நோயாளரின் கால்வலியையும் உணர்வு மாற்றத்தையும் குறித்து வைத்தார். எனினும் தண்டுவடக் கோளாறு நீரிழிவைத் தோற்றுவிக்கிறது என்ற கருத்தே அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1864-இல் பிரெஞ்சு மருத்துவர் மார்ஷல் த கால்வி காரண காரியத்தைத் திருப்பி வைத்தார். நோய்தான் நரம்பைக் கெடுக்கிறது என்றார்.

ஆகவே, பாத எரிவைக் கவனித்ததில் நம் நிலப்பரப்பின் மருத்துவர்கள் முந்தியவர்கள் என்பது மிகைக்கூற்றன்று. ஆனால் கவனித்தல் வேறு, அதற்கென மருந்து வகுத்தல் வேறு. சரகம் கூறுவது முற்குறி. பல்லாண்டு நோயின் பின்விளைவாக நரம்பு கெடுகிறது என்னும் இக்காலக் கருத்து அன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கூறுவதிலிருந்தே பிற்காலக் குழப்பம் தொடங்குகிறது.

மேகம் என்னும் சொல்

தமிழ் மருத்துவ ஏடுகளைப் பயில்வோர் அடிக்கடி எதிர்கொள்ளும் தொடர்கள் மேக எரிவு, மேகவாயு, மேகச்சூலை என்பன. இவற்றை இன்று பதிப்பிப்போரும் மொழிபெயர்ப்போரும் 'மேகம்' என்பதை மதுமேகத்தின் சுருக்கமாகக் கொண்டு, மேக எரிவை நீரிழிவு நரம்புச் சேதமெனவும், அதற்குக் கூறப்பட்ட மருந்தை அந்நோயின் மருந்தெனவும் எழுதிவிடுகின்றனர். இது எப்போதும் பொருந்துவதன்று.

தமிழில் மேகம் என்னும் சொல் இருவேறு நோய்க் குடும்பங்களைச் சுமந்து வந்துள்ளது. ஒன்று சிறுநீர் மிகுந்து இழியும் நோய்கள். மற்றொன்று பாலுறவால் தொற்றும் நோய்கள். மேகவெட்டை என்னும் வழக்கு இன்றும் இரண்டாம் பொருளிலேயே நிற்கிறது. தி. வி. சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதியைப் புரட்டுவோர் மேகம் என்னும் முன்னொட்டோடு வரும் நோய்ப் பெயர்களின் பெருக்கத்தையும், அவற்றின் பொருள் இவ்விரு திசைகளிலும் செல்வதையும் காணலாம்.

எப்பொருள் எவ்விடத்திற்கு உரியது என்பதை அறிய மருந்துச் சரக்கே சான்று தருகிறது. மேக நோய்களுக்கான சூரணங்களில் பெரிதும் இடம்பெறுவது பறங்கிப்பட்டை. இது சீனத்திலும் கிழக்காசியாவிலும் விளையும் ஒரு கொடியின் கிழங்கு. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசிய வணிகத்தின் வழி இந்தியத் துறைமுகங்களில் பரவியது. கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஓர்தா 1563-இல் வெளியிட்ட தம் நூலில் அதனைப் பறங்கிப்புண் எனப்படும் நோய்க்கு உரிய மருந்தாக விரிவாகப் பேசுகிறார். சரக்கின் தமிழ்ப் பெயரிலேயே பறங்கியர் உள்ளனர். எனவே, ஓர் ஏட்டில் மேக எரிவுக்குப் பறங்கிப்பட்டை கூறப்படுமாயின், அப்பகுதி 16-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாதல் அரிது. அது குறிக்கும் நோயும் பறங்கிப்புண்ணாக இருத்தற்கே வாய்ப்பு மிகுதி. இரசம், பாடாணம் சேர்ந்த மேக மருந்துகளுக்கும் இவ்வளவைப் பொருந்தும். பறங்கிப்புண்ணுக்கு இரசம் கொடுத்தல் அக்காலத்தில் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பொதுவாக இருந்த முறை.

இக்குழப்பத்திற்கு நம் முன்னோரைக் குறைகூற வேண்டியதில்லை. முற்றிய பறங்கிப்புண் தண்டுவடத்தைத் தாக்கும்போது கால்களில் மின்னல் போன்ற வலியும், பாதத்தில் உணர்விழப்பும், தள்ளாட்டமும் தோன்றும். நீரிழிவிலும் அவையே தோன்றும். 19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர்களும் இவ்விரண்டையும் பிரித்தறிய இடர்ப்பட்டனர். நீரிழிவில் தோன்றுவதற்கு 'போலித் தண்டுவட நோய்' என்னும் பொருள்பட ஒரு பெயரையும் இட்டனர். பாதம் ஒரே மொழியில்தான் பேசியது. நோய்கள்தாம் இரண்டாக இருந்தன.

ஆவாரைக் குடிநீர் அளந்தது எதனை?

சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கென ஐயமின்றி வகுக்கப்பட்ட மருந்துகளுள் தலையாயது ஆவாரைக் குடிநீர். ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை என்னும் ஏழு சரக்குகளால் ஆனது அது. அதனைக் கூறும் செய்யுள் மருந்தின் ஆற்றலை விளக்க எடுத்துக்கொண்ட உவமையே நமக்குச் சான்று: பெரிய நீர்நிலைகளையும் வற்றச் செய்யும் என்பது அதன் உயர்வு நவிற்சி. அதாவது, மருந்தின் வெற்றி நீர் வற்றுவதால் அளக்கப்பட்டது. நோயாளி இரவில் எத்தனை முறை எழுந்தார், எவ்வளவு தாகம் கொண்டார் என்பனவே அளவுகோல்கள். பாத எரிவு தணிந்ததா என்பது அச்செய்யுளின் வினா அன்று.

இக்குடிநீரின் சரக்குகளுள் கடலழிஞ்சில் தனித்த வரலாறு உடையது. சிங்கள மருத்துவத்தில் கொத்தலஹிம்புட்டு எனப்படும் அதே இனத்தின் தண்டிலிருந்து குவளை கடைந்து, அதில் இரவு முழுதும் நீர் ஊற்றி வைத்து, காலையில் நீரிழிவு நோயாளிக்குக் கொடுக்கும் வழக்கம் இலங்கையில் உண்டு. 1990-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்தும் தண்டிலிருந்தும் சலாசினால் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது குடலில் மாவுச்சத்து சர்க்கரையாகச் சிதைவதைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே குடிநீரின் ஒரு சரக்கேனும் சர்க்கரையின் மீது செயற்படுவதற்கு விளக்கம் கிடைத்துள்ளது. நரம்பின் மீது நேரே செயற்படுவதற்கு அன்று.

பாத எரிவுக்குத் தனியே மருந்துகள் இருந்தன. அரைத்த மருதாணியை உள்ளங்காலில் பூசுதல், எண்ணெய் தேய்த்தல், நொச்சியிலை வதக்கி ஒத்தடம் இடுதல் முதலியன வீட்டு மருத்துவமாக வழங்கின. எரிவு சூட்டின் குறி எனவும், மரப்பு வாதத்தின் குறி எனவும் கொள்ளப்பட்டன. ஆதலின் முன்னதற்குக் குளிர்ச்சியும் பின்னதற்கு வெம்மையும் மருந்தாயின. நீரிழிவு உடையவர்க்கும் இல்லாதவர்க்கும் இவை ஒன்றே. எனவே, உள்மருந்து நீரை நோக்கியது. புறமருந்து பாதத்தை நோக்கியது. இரண்டையும் ஒரே மருந்தின் பணியாக இணைத்தது பழந்தமிழ் மரபு அன்று, அண்மைக்கால விளம்பர மொழியே.

ஆய்வுக்கூடம் பாதத்தை மறந்த வரலாறு

காலனியக் காலத்து ஆய்வுகள் இச்செடிகளை எவ்வாறு நோக்கின? ஒயிட்லா எயின்சிலி 1813-இல் சென்னையில் வெளியிட்ட மருந்துச் சரக்கு நூல் தமிழ்ப் பெயர்களுக்குச் சிறப்பிடம் தந்தது. முகைதீன் ஷெரீப் திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றியவாறே உள்நாட்டுச் சரக்குகளை நோயாளரிடம் சோதித்து எழுதினார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை, வேதியியல் நூல்கள் தமிழாயின. தமிழில் மருத்துவக் கலைச்சொல் இல்லை என்போர்க்கு அவர்தம் மாணவர் எழுதிய பக்கங்களே மறுமொழி.

1840-களில் எட்ஜ்வொர்த் என்னும் ஆங்கிலேய அலுவலர் சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் தேநீரில் சர்க்கரையின் சுவை தெரியாமற் போவதைக் கவனித்தார். உதகமண்டலத்தில் சென்னை அரசின் சிங்கோனா வேதியியலராக இருந்த டேவிட் ஹூப்பர் 1887-இல் அவ்விலையின் வினைப்பொருளை ஜிம்னிமிக் அமிலம் எனப் பிரித்துப் பெயரிட்டார். நாவிலுள்ள இனிப்பை அழிப்பது உடலிலுள்ள இனிப்பையும் அழிக்குமோ என்னும் எதிர்பார்ப்பு ஆய்வைத் தூண்டியது. 1880-களில் நாவற்கொட்டை ஐரோப்பா சென்றது. ஜெர்மனியில் நாய்களிடத்தும் சோதிக்கப்பட்டது. கல்கத்தாவில் சோப்ரா குழுவினர் 1928-இல் சிறுகுறிஞ்சானை நோயாளர்க்குக் கொடுத்துக் குறிப்பிடத்தக்க பயன் காணவில்லை. 1930-இல் மாஸ்கரும் கேயசும் அதற்கு மாறாக விலங்குகளில் இரத்தச் சர்க்கரை குறைவதாக எழுதினர். 1990-இல் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மாத்திரை உண்டுவந்த 22 நோயாளர்க்கு இலைச்சாற்றுப் பொருளை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுத்தபோது, ஐவர் தம் வழக்கமான மாத்திரையை நிறுத்த முடிந்தது என அறிவித்தனர். ஊக்கமளிக்கும் முடிவே, ஆனால் சிறிய ஆய்வு.

இவ்வொன்றரை நூற்றாண்டுப் பணியில் மீளமீளத் தோன்றும் அளவுகோல் ஒன்றே: சிறுநீரில் சர்க்கரை, பின்னர் இரத்தத்தில் சர்க்கரை. பாதத்தின் உணர்வு அவற்றின் மையத்தில் இல்லை. இதற்குக் காரணம் தெளிவு. சர்க்கரையை அளக்க 1840-களின் இறுதியில் பெலிங் கரைசல் வந்துவிட்டது. எரிவை அளக்கக் கருவி இல்லை. அளக்க இயன்றதே ஆராயப்பட்டது. ஆராயப்பட்டதே மருந்தின் பயன் எனப்பட்டது. சித்தர் செய்யுள் நீரை அளந்தது, ஆய்வுக்கூடம் சர்க்கரையை அளந்தது. இரண்டிலும் பாதம் விடுபட்டது.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் நரம்பு காக்கப்படும் அல்லவா என வினவலாம். வினா நியாயமானதே. 1993-இல் வெளியான அமெரிக்க, கனடியப் பேராய்வு, இன்சுலின் சார்ந்த 1,441 நோயாளரிடம் தீவிரக் கட்டுப்பாடு நரம்புச் சேதத்தை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைத்ததெனக் காட்டியது. முதியவர்க்கு வரும் இரண்டாம் வகையில் அப்பயன் மிகக் குறைவு. மேலும் அது வருமுன் காத்தல். கெட்ட நரம்பை மீட்டல் அன்று.

கடல் கடந்தபின்

புலம்பெயர்வு இம்மருந்துகளின் சூழலை மாற்றியது. ஊரில் வைத்தியர் நாடி பார்த்து, பத்தியம் கூறி, ஒரு மண்டலம் கண்காணித்துக் கொடுத்தது, வெளிநாட்டில் கடைத் தட்டிலிருந்து தானே எடுத்து உண்ணும் பொருளாயிற்று. மருத்துவமனை மாத்திரையோடு அது சேர்ந்தபோது நேரும் விளைவை யாரும் கண்காணிக்கவில்லை. 1979-இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்று, குளோர்புரோபமைடு மாத்திரை உண்டுவந்த தெற்காசியப் பெண்ணொருவர் பாகற்காயும் உண்டதால் நேர்ந்த விளைவை அறிவித்தது. 1981-இல் பர்மிங்ஹாமில் ஒன்பது ஆசிய நோயாளரிடம் செய்த ஆய்வு, பாகற்காய் சர்க்கரையைத் தாங்கும் ஆற்றலைக் கூட்டுவதை உறுதி செய்தது. பாகற்காய் செயற்படுவதாலேயே எச்சரிக்கை தேவைப்பட்டது.

2004-இல் பாஸ்டன் நகரைச் சூழ்ந்த கடைகளில் வாங்கிய 70 தெற்காசிய மருந்துப் பொருள்களுள் 14-இல் ஈயம், இரசம், பாடாணம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ காணப்பட்டன. ஈயமும் பாடாணமும் நரம்பைக் கெடுக்கும் நஞ்சுகள். பாடாணம் தரும் முதற்குறிகளுள் ஒன்று பாத எரிவு. மேகம் என்னும் சொல்லைத் தவறாக வாசித்து, பறங்கிப்புண்ணுக்கு வகுத்த பாடாண மருந்தை நீரிழிவு நோயாளிக்குக் கொடுப்பது, எந்த நோயைத் தீர்க்கக் கருதினோமோ அதனையே வளர்ப்பதாகும். சொல்லாராய்ச்சி ஏட்டுச்சுரைக்காய் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

புறமருந்தும் இடர் நீங்கியதன்று. குளிர்நாட்டில் எம்மோடு வாழ்ந்த என் தாயார், மரத்த கால்களுக்கு ஊரிலிருந்து வந்த காய்ந்த நொச்சியிலையைச் சூடேற்றித் துணியில் முடிந்து ஒத்தடம் இட்டுவந்தார். அவர் தாயார் செய்ததும் அதுவே. ஒருநாள் பாதம் வெந்து கொப்புளித்ததை அவர் உணரவில்லை. மறுநாள் காலுறையைக் கழற்றியபோது நான்தான் கண்டேன். ஒத்தடத்தின் சூட்டைத் தாங்கும் அளவை உணர்வே சொல்ல வேண்டும். உணர்வற்ற பாதத்திற்கு அவ்வளவைச் சொல்வார் இல்லை. மரபு பொய்க்கவில்லை, அது யாருக்காக வகுக்கப்பட்டதோ அந்த உடல் மாறிவிட்டது.

பாதத்தை அடைந்த செடிகள்

செடிகளிலிருந்து பாத வலிக்கு மருந்தே வரவில்லையா என்றால், வந்துள்ளது; வந்த வழிதான் எதிர்பாராதது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கொணர்ந்து, மிளகின் பெயரையே பெற்று நம் அடுக்களையில் குடியேறிய மிளகாய் அது. அதன் காரப்பொருளான கேப்சைசின், வெம்மையை உணரும் நரம்பு ஏற்பியையே தூண்டுகிறது என்பதை டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் கண்டனர். 2021-இல் அவருக்கு நோபல் பரிசின் பங்கு கிடைத்தது. மிளகாய் பட்ட இடம் 'எரிகிறது' எனத் தமிழர் சொல்வது உவமை அன்று, உடலியல் உண்மை. அப்பொருளின் 0.075 விழுக்காட்டுக் களிம்பு நீரிழிவு நரம்பு வலிக்குப் பயன்படுத்தப்படுகிறது. 8 விழுக்காட்டு ஒட்டுப்பட்டை நீரிழிவு நோயாளரின் பாத வலிக்கென 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது மருத்துவப் பணியாளரால் இடப்படுவது. அரைத்த மிளகாயைப் பாதத்தில் பூசுவதற்கு அது சான்றாகாது. அது வலியைத் தணிக்கிறது. இழந்த உணர்வை மீட்பதற்கென ஒப்புதல் பெற்றதன்று.

கலேகா, ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் வழங்கிய மூலிகை. அதன் வேதிப்பொருளை ஒட்டிப் பிறந்த மெட்பார்மினை ஜீன் ஸ்டெர்ன் 1957-இல் நோயாளர்க்குப் பயன்படுத்தி அறிவித்தார். இன்று உலகில் மிகுதியாக உண்ணப்படும் நீரிழிவு மாத்திரை அதுவே. 'செடி மருந்து', 'இங்கிலீஷ் மருந்து' என்னும் எதிர்நிலை வரலாற்றில் நிற்காது என்பதற்கு இது சான்று. இம்மாத்திரையை நெடுங்காலம் உண்போர்க்கு பி12 உயிர்ச்சத்து குறையலாம். அக்குறையும் பாத மரப்பைத் தரும். புலால் உண்ணாத தமிழ் முதியோர் இதனைச் சோதித்துக்கொள்ளல் நன்று. நீரிழிவால் வந்ததென எண்ணிய மரப்பு, குணப்படுத்தத்தக்க குறைபாடாக இருக்கக்கூடும்.

முடிவுரை

இவ்வாய்வால் தெளிவாவன மூன்று. முதலாவது, பாத எரிவை இந்நோயோடு இணைத்துக் கண்ட பெருமை இந்திய மருத்துவ மரபுக்கு உண்டு. ஆயின் ஆவாரை, நாவல், சிறுகுறிஞ்சான் ஆகியவை நரம்பைக் காக்கும் என்னும் கூற்றை இங்கு ஆராய்ந்த செய்யுளும் தாங்கவில்லை, ஆய்வுகளும் தாங்கவில்லை. இரண்டாவது, மேகம் என்னும் சொல் வருமிடமெல்லாம் நீரிழிவு எனப் பெயர்ப்பது வரலாற்றுப் பிழை. பாடாணச் சரக்கு உள்ளவிடத்து அது உயிருக்கு ஊறு. மூன்றாவது, செடிகளின் ஆய்வு அளக்க எளிதான சர்க்கரையோடு நின்றுவிட்டது. பாதத்தின் உணர்வை அளந்து செய்யும் ஆய்வு இனிமேல்தான் வேண்டும்.

சித்த மருத்துவ ஏடுகளைப் பதிப்பிக்கும் நிறுவனங்கள் மேகம் பற்றிய ஒவ்வொரு பாடலுக்கும் சரக்குகளின் அடிப்படையில் எந்நோய் எனக் குறிப்பெழுதுதல் வேண்டும். பறங்கிப்பட்டை போன்ற காலங்காட்டும் சரக்குகளின் பட்டியல் அதற்கு முதற்படியாகும். மருத்துவரும் மொழியறிஞரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யத்தக்க இப்பணிக்கு இத்தகைய மாநாடுகளே தக்க களம். நூலகப் பேழைகளில் உறங்கும் சொற்கள் நம் மூத்தோரின் பாதங்களில் விழித்திருக்கின்றன. அவற்றைச் சரியாக வாசிப்பது நம் கடன்.